கன்றுகளோடு பயணித்த கிருமி

சால்மோனெல்லா தடவிய தட்டில் மருந்து வில்லைகளை வைத்து மறுநாள் பார்ப்பது என் வேலை. கிருமி மருந்துக்கு அடங்கினால் வில்லையைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். அடங்காவிட்டால் விளிம்புவரை சாம்பல் நிறத்தில் படர்ந்திருக்கும். அப்படிப்பட்ட தட்டைப் பார்க்கும்போதெல்லாம் நுண்ணுயிரியலாளர் ஈ. எஸ். ஆண்டர்சனை நினைத்துக்கொள்வேன்.

லண்டன் காலிண்டேல் ஆய்வகத்தில் 1960-களில் அவர் சால்மோனெல்லா டைஃபிமூரியத்தின் 29-ஆம் ஃபேஜ் வகையை (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைக் கொண்டு பிரித்தறியும் வகை) துரத்தினார். பிறந்து சில நாளே ஆன கன்றுகளை வியாபாரிகள் தாயிடமிருந்து பிரித்து, நெரிசலாக அடைத்து, தொலைதூரப் பண்ணைகளுக்கு அனுப்பினார்கள். கழிச்சல் பரவியது, மருந்தை அள்ளிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு மருந்தாகக் கிருமி மீறியது, மனிதர்களையும் தொற்றியது. அந்த எதிர்ப்புத்திறன் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்று ஆண்டர்சன் காட்டினார். சீதபேதிக் கிருமியில் ஜப்பானியர்கள் 1959-லேயே கண்டதுதான் அது.

சிகிச்சைக்கு உதவும் ஆன்டிபயாட்டிக்குகளைக் கால்நடை கொழுப்பதற்காகத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்று இந்த ஆபத்தை ஆராய்ந்த பிரிட்டனின் ஸ்வான் குழு 1969-இல் பரிந்துரைத்தது. கோழிப் பண்ணைகளில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை இந்தியா தடைசெய்தது 2019-இல். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுத் தாமதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.