இரவலிலிருந்து உரிமத்திற்கு: இந்தியக் கல்விசார் நூலகங்களில் ஆய்வுக் கட்டுரை வழங்கலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தம்மிடம் இல்லாத ஆய்வுக் கட்டுரையைப் பிற நூலகத்திலிருந்து பெற்று வாசகருக்கு வழங்குவது கல்விசார் நூலகங்களின் நெடுநாளைய பணி. இந்தியாவில் 1952 முதல் இன்றுவரை இப்பணி அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. அச்சிதழ்க் காலத்தில் வழங்கல் மெதுவாக நடந்தது. ஆயினும் பகிரும் உரிமை நூலகத்திடம் இருந்தது. மின்னிதழ்க் காலத்தில் வழங்கல் விரைவானது; உரிமையோ ஒப்பந்தத்திற்குள் சென்றுவிட்டது. இவ்விரு காலங்களிலும் தமிழ் ஆய்விதழ்கள் வழங்கல் அமைப்பிற்கு வெளியே நின்றன என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஆவண வழங்கல், கூட்டுப் பட்டியல், நூலகக் கூட்டமைப்பு, பதிப்புரிமை, தமிழ் ஆய்விதழ்கள்.

முன்னுரை

உலகில் வெளிவரும் ஆய்விதழ்கள் அனைத்தையும் வாங்கக்கூடிய நூலகம் எங்கும் இல்லை. ஆகவே ஒரு நூலகத்தில் இல்லாததை மற்றொரு நூலகம் அளிக்க வேண்டிய தேவை எழுந்தது. அத்தேவை நிறைவேற மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். வேண்டிய கட்டுரை எங்கே இருக்கிறது? அதை நகலெடுத்து அனுப்ப உரிமை உண்டா? எவ்வழியாக அது வாசகரை வந்தடையும்? முதல் வினாவிற்குக் கூட்டுப் பட்டியலும், இரண்டாவதற்குச் சட்டமும், மூன்றாவதற்குத் தொழில்நுட்பமும் விடை தருகின்றன. இம்மூன்றும் ஒரே வேகத்தில் வளரவில்லை என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

இன்ஸ்டாக்கும் ஒளிநகல் காலமும்

1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து நூலகவியல் விதிகளில் வாசகரின் நேரத்தைக் காப்பதையும் ஒரு விதியாக வைத்தார். ஒரு நூலகத்தின் எல்லைக்குள் இவ்விதியைப் பட்டியலும் அடுக்குமுறையும் நிறைவேற்றக்கூடும். நூல் வேறோர் ஊரில் இருக்கும்போது அதை நிறைவேற்ற நாடளாவிய அமைப்பு தேவை.

அத்தகைய அமைப்பாக, யுனெஸ்கோவின் உதவியுடன் 1952இல் இந்திய தேசிய அறிவியல் ஆவண மையம் தில்லியில் தோன்றியது. ‘இன்ஸ்டாக்’ என அழைக்கப்பட்ட இம்மையம் அறிவியல், தொழில்துறை ஆராய்ச்சி மன்றத்தின் கீழ் இயங்கியது. கட்டுரை வேண்டுவோரிடமிருந்து கோரிக்கைகளைப் பெறுதல், அவ்விதழ் உள்ள நூலகத்தைக் கண்டறிதல், நுண்படமாகவோ ஒளிநகலாகவோ எடுத்து அஞ்சலில் அனுப்புதல், பிறமொழிக் கட்டுரைகளை மொழிபெயர்த்துத் தருதல் ஆகியன அதன் பணிகள். பெங்களூரு, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் அதன் வட்டார மையங்கள் பின்னர் அமைந்தன.

இன்ஸ்டாக்கின் நிலைத்த பங்களிப்பு அதன் பட்டியல் பணியே எனலாம். நாட்டின் நூலகங்கள் பெறும் அறிவியல் பருவ இதழ்களைத் தொகுத்து, எந்த இதழின் எந்த ஆண்டுத் தொகுதி எங்கே உள்ளது எனக் காட்டும் தேசியக் கூட்டுப் பட்டியலை அது உருவாக்கியது. இருப்பிடம் தெரியாத கட்டுரை இல்லாத கட்டுரைக்குச் சமம். சமூக அறிவியல் துறைகளுக்கு இத்தகைய பணியை இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றத்தின் ஆவண மையம் மேற்கொண்டது. மொழி, இலக்கிய ஆய்வுகளுக்கு இவற்றிற்கு நிகரான தேசிய வழங்கல் மையம் அமையவில்லை.

பாஸ்டன் ஸ்பா: ஓர் ஒப்பீடு

இதே காலத்தில் பிரித்தானியா வேறு வழியைத் தேர்ந்தது. டொனால்ட் அர்க்கார்ட் என்பவரின் முயற்சியால், யார்க்‌ஷயர் பகுதியின் பாஸ்டன் ஸ்பாவில், முன்னாள் வெடிமருந்துத் தொழிற்சாலை வளாகத்தில், அறிவியலுக்கும் தொழில்நுட்பத்திற்குமான தேசிய இரவல் நூலகம் 1960களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. பல நூலகங்களில் சிதறிக்கிடப்பதைத் தேடி எடுப்பதற்குப் பதிலாக, வழங்குவதற்கென்றே ஒரு நூலகத்தை உருவாக்குவது அர்க்கார்டின் திட்டம். இதழ்கள் தலைப்பின் அகரவரிசையில் அடுக்கப்பட்டன. ஆகவே கோரிக்கைத் தாளில் உள்ள இதழின் பெயரே அது இருக்கும் இடத்தைக் காட்டியது. இடையில் ஒரு பட்டியலைப் புரட்ட வேண்டிய தேவை எழவில்லை. 1973இல் இந்நூலகம் பிரித்தானிய நூலகத்தின் இரவல் பிரிவாயிற்று. 1985இல் ஆவண வழங்கல் மையம் எனப் பெயர் பெற்றது. உலகின் பல நாட்டு நூலகங்கள் அங்கிருந்து கட்டுரை நகல்களைப் பெற்றன.

இரண்டு முறைகளுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. பாஸ்டன் ஸ்பா முறை மையச் சேமிப்பை நம்பியது. இந்திய முறை பரவிக்கிடக்கும் சேமிப்புகளின் ஒத்துழைப்பை நம்பியது. அந்நியச் செலாவணி அரிதாக இருந்த இந்தியாவில் ஒரே இதழுக்கு மீண்டும் ஒரு படி வாங்குவது வீண் செலவாகக் கருதப்பட்டிருக்கக்கூடும். ஆயினும் ஒத்துழைப்பு முறையில் ஒரு நூலகம் பதில் தராவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். அஞ்சலட்டை அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த ஆய்வாளர்களின் அனுபவம் இக்குறையின் விளைவேயாகும்.

சட்டம் தந்த இடம்

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், ஆய்வு உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டிற்கான நேர்மையான கையாளுகையை உரிமை மீறல் அன்று எனக் கூறுகிறது. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலுக்கு, வணிக நோக்கற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டிற்காக மூன்று படிகள்வரை எடுத்துக்கொள்ளவும் அப்பிரிவு இடம் தருகிறது. நூலகம் விலை கொடுத்து வாங்கிய அச்சிதழ் அதன் உடைமை. அதிலுள்ள ஒரு கட்டுரையை ஓர் ஆய்வாளருக்காக நகலெடுத்துத் தருவதற்கு இச்சட்டமே அரணாக நின்றது.

தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடத்தொகுப்புகளை ஒளிநகலெடுத்ததற்கு எதிராக மூன்று பன்னாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி கல்விப் பயன்பாட்டிற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அவ்வாண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலின் பொருட்டு எடுக்கப்படும் நகலுக்குச் சட்டத்தில் இடமுண்டு என்பதை ஏற்று, குறிப்பிட்ட சில ஐயங்களை மட்டும் மீள்விசாரணைக்கு அனுப்பியது. இவ்வழக்கு கட்டுரை வழங்கலைப் பற்றியதன்று. எனினும் பதிப்புரிமை என்பது கற்போரின் தேவையையும் கணக்கில் கொண்டதே என்னும் கொள்கையை அது உறுதிப்படுத்தியது.

வலையமைப்பிலிருந்து கூட்டமைப்பிற்கு

1980களில் கணினி நூலகத்திற்குள் நுழைந்தது. 1988இல் தில்லி நூலகங்களை இணைக்கும் திட்டமாகத் தொடங்கிய டெல்நெட் பின்னர் நாடளாவிய இரவல் வலையமைப்பாக விரிந்தது. சென்னையில் மாலிப்நெட் உருவானது. 1991இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டமாகத் தொடங்கிய இன்ஃப்ளிப்நெட், 1996இல் தன்னாட்சி மையமாயிற்று. இவ்வலையமைப்புகளின் மையப்பொருள் இன்னும் கூட்டுப் பட்டியலாகவே இருந்தது.

2003–2004ஆம் ஆண்டுகளில் இந்நிலை மாறியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃபோநெட் மின்நூலகக் கூட்டமைப்பு, பல பல்கலைக்கழகங்களின் சார்பில் பதிப்பகங்களுடன் ஒருசேரப் பேரம் பேசி, மின்னிதழ்களை நேரடியாக வாசகரின் மேசைக்குக் கொண்டுவந்தது. சந்தாவில் அடங்காத கட்டுரைகளுக்காக, இதழ்களை அச்சில் பெற்றுவந்த சில பல்கலைக்கழக நூலகங்கள் வழங்கல் நூலகங்களாக அறிவிக்கப்பட்டன. 2015இல் இக்கூட்டமைப்பும் பிறவும் இணைந்து ‘இ-ஷோத்சிந்து’ ஆயின. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குக் கிடைக்க இத்திட்டம் வகை செய்தது.

இந்த வளர்ச்சியின் பயனை மறுப்பதற்கில்லை. சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவரும் பெருநகர ஆய்வு நிறுவனத்தாரும் ஒரே இதழைப் படிக்கும் நிலை முன்னெப்போதும் இருந்ததில்லை. ஆயினும் நூலகத்தின் நிலை மாறிவிட்டது. முன்பு அது இதழின் உடைமையாளர். இப்போது அது அணுகலுக்கான உரிமம் பெற்ற வாடிக்கையாளர். கட்டுரையைப் பிற நூலகத்திற்கு அனுப்பலாமா என்பதை நூலகர் தம் ஒப்பந்தத்தைப் பார்த்தே சொல்ல முடிகிறது. சந்தா நின்றபின் பழைய தொகுதிகள் கிடைக்குமா என்பதும் ஒப்பந்தத்தைப் பொறுத்ததே. அச்சுத் தொகுதிகளை நிறுத்திய நூலகத்தில் அலமாரி வெறுமையாகவே இருக்கும். மேலும், முதற்கட்டத்தில் அரசு நிறுவனங்களே இத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளதால், தனியார் கல்லூரிகள் மிகுந்த தமிழ்நாட்டில் பழைய பகிர்தல் முறைக்கான தேவை இன்னும் முடிந்துவிடவில்லை.

தமிழ் ஆய்விதழ்களின் நிலை

மேற்கண்ட வரலாறு முழுவதும் பெரும்பாலும் ஆங்கில அறிவியல் இதழ்களைச் சுற்றியே சுழல்கிறது. ‘செந்தமிழ்’, ‘செந்தமிழ்ச் செல்வி’, ‘தமிழ்ப்பொழில்’ போன்ற இதழ்களில் வெளிவந்த கட்டுரையைத் தேடும் ஆய்வாளர் முதல் வினாவிலேயே நின்றுவிடுகிறார்: அது எங்கே இருக்கிறது?

1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி சென்னைக் கன்னிமாரா நூலகம், இந்தியாவில் அச்சாகும் வெளியீடுகளின் படியைப் பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று. பின்வந்த திருத்தம் இதழ்களையும் இச்சட்டத்தில் சேர்த்தது. ஆனால் சட்டம் படியைப் பெற்றுக் காப்பதற்கே வழிசெய்தது. தொலைவிலுள்ள வாசகருக்கு வழங்குவதற்கு அன்று.

இந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்பியவை தனிமனித ஆர்வமும் தன்னார்வமும் ஆகும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்த நூல்களையும் இதழ்களையும் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிச் சென்னையிலேயே நிலைபெறச் செய்தது. அதுவே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்துடன் ஓலைச்சுவடிகளும் அரிய இதழ்களும் எரிந்த இழப்பை அறிந்த ஈழத்துச் சூழலில், 2005இல் நூலகம் திட்டம் தோன்றி இலங்கைத் தமிழ் வெளியீடுகளை எண்ணிம வடிவில் திறந்த அணுகலில் வழங்கிவருகிறது. பல இடங்களில் படி இருப்பதே ஆவணத்தின் உயிர்க்காப்பு. அவ்வகையில் பகிர்தல் வாசகருக்கான சேவை மட்டுமன்று; அது பாதுகாப்புமாகும்.

முடிவுரை

கட்டுரை வழங்கலில் தொழில்நுட்பம் முந்திச் சென்றது. பட்டியலும் உரிமையும் பின்தங்கின. இதிலிருந்து தமிழ் ஆய்வுலகம் செய்ய வேண்டிய பணிகள் இரண்டு. முதலாவது, பல்கலைக்கழகங்கள், தமிழ்ச் சங்கங்கள், மடங்கள், தனியார் சேகரிப்புகள் ஆகியவற்றில் உள்ள தமிழ்ப் பருவ இதழ்களை ஆண்டு, தொகுதி வாரியாகக் காட்டும் கூட்டுப் பட்டியல். இன்ஸ்டாக் அட்டைகளைக் கொண்டு செய்ததை இன்று குறைந்த பொருட்செலவில் செய்ய இயலும். இரண்டாவது, கல்விசார் நூலகங்கள் ஒப்பந்தம் செய்யும்போது, பிற நூலகத்திற்குக் கட்டுரை வழங்கும் உரிமையையும் சந்தா முடிந்தபின் தொடரும் அணுகலையும் கேட்டுப் பெறுதல். இவ்விரண்டும் கைகூடாவிடில், தொலைநாட்டு இதழின் இன்றைய கட்டுரை நொடியில் கிடைக்கும். நம் ஊர்ச் சங்கத்து இதழின் நூறாண்டுக் கட்டுரையோ அலமாரியில் பொடியாகிக்கொண்டிருக்கும்.