பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம்

முத்துக்குளிக்கும் ஆளின் கயிற்றை அவருடைய மச்சான்தான் பிடிப்பார் என்று எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையில் சொல்வதுண்டு. மச்சான் என்றால் இங்கே மனைவியின் சகோதரன். காலில் கல்லைக் கொடுத்துப் பாருக்குள் இறங்கியவர் மூச்சு முட்டியதும் கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பார். படகில் இருப்பவர் அந்த நொடியே தூக்கிவிட வேண்டும். அண்ணன் தம்பியை நம்பினால் சொத்துக்கு ஆசைப்பட்டுத் தாமதிக்கலாம்; மச்சான் மட்டும் தன் அக்கா தங்கச்சி தாலி அறுப்பதைப் பார்க்க விரும்பமாட்டான் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். கதையை நன்றாகக் கவனித்தால் கடலில் ஒரு முனையில் ஓர் ஆண், படகில் மறுமுனையில் இன்னோர் ஆண். இருவரையும் கட்டிவைத்திருப்பவள் கரையில் நிற்கிறாள். அவள் கையில் கயிறு இல்லை.

அந்தத் தொழிலில் ஒதுக்கீடும் இருந்தது. கணக்கு ‘கல்’ என்ற அலகில் நடந்தது. ஒரு கல் என்றால் அந்தக் கல்லோடு இறங்கும் உரிமை. டச்சுக்காரர் காலத்துப் பட்டியல்களில் மதுரை நாயக்கருக்கு, ராமநாதபுரம் சேதுபதிக்கு, பரதவர் பட்டங்கட்டிகளுக்கு என்று வரியில்லாக் கற்கள் எண்ணி ஒதுக்கப்பட்டிருந்தன. யாருக்கு எவ்வளவு இலவசம் என்று பார்த்தாலே யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று தெரிந்துவிடும். சிப்பி வராமல் போய், 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஒதுக்கீடு என்ற பழக்கம் மட்டும் வேறு வேறு பொருளில் தொடர்ந்தது. எங்கள் வீட்டில் அது நிமிடமாக வந்தது.

என் அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். வருடத்தில் ஒன்பது, பத்து மாதம் கடலில். 1990களின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் போன் இருந்தது. அந்த எண்ணைத்தான் எல்லோரும் ‘பி.பி. நம்பர்’ என்று எழுதிக் கொடுப்போம். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ அப்பா கூப்பிட்டால் அந்த வீட்டுப் பையன் ஓடிவந்து சொல்வான். அம்மா ஈரக்கையோடு ஓடுவாள். அங்கே கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கணவனோடு மூன்று மாதம் கழித்துப் பேசும் மூன்று நிமிடத்தில் அம்மா சொன்னதெல்லாம், பணம் வந்துவிட்டது, பிள்ளைகள் நல்லாயிருக்கிறார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அதற்குமேல் அந்தக் கூடத்தில் என்ன பேச முடியும்?

பிறகு மஞ்சள் பலகை வந்தது. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. சாம் பிட்ரோடாவின் சி-டாட் 1984இல் தொடங்கியபின் பரவிய அந்தக் கண்ணாடிப் பெட்டிகள் நாட்டையே இணைத்தன என்று எழுதுவார்கள். சரிதான். ஆனால் அதன் கட்டண அட்டவணையை யாராவது ஒரு பெண்ணின் கண்ணோடு படித்தார்களா என்று எனக்குத் தெரியவேண்டும். பகலில் முழுக் கட்டணம். மாலைக்குப் பிறகு படிப்படியாகக் குறையும். இரவு 11 மணிக்கு மேல் கால் கட்டணம். காசில்லாதவர்களுக்காகவே அரசு திறந்துவைத்த நேரம் அது. எந்தப் பெண் இரவு 11 மணிக்கு வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைக்குப் போய் வரிசையில் நிற்பாள்?

அம்மாவின் தங்கை, என் சித்தி, கல்யாணமாகி மும்பையில் இருந்தாள். அவளோடு பேச மாதம் ஒருமுறை கால் கட்டண நேரத்தில் அம்மா போவாள். துணைக்கு மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வருவார். அப்பாவுக்கு அவர் மச்சான். கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மா. கதவைப் பாதி திறந்து பிடித்தபடி வெளியே மாமா. சுவரில் ஓடும் சிவப்பு எண்கள். “அக்கா, முப்பது ரூபா தாண்டிட்டு” என்று மாமா சொல்வார். அவர் கெட்டவரில்லை. தூக்கத்தை விட்டுவிட்டு வந்து நிற்பவர். அம்மா கேட்பாள், “நல்லாயிருக்கியா பிள்ள?” அந்தப் பக்கத்திலிருந்து, “நல்லாயிருக்கேன்க்கா.” அவ்வளவுதான். சித்தியின் பக்கத்தில் யார் நின்றுகொண்டிருந்தார் என்று அம்மா கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சித்தி சொல்லியிருக்க முடியாது.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக் ராமோடு பேசியது இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு. அப்போது ஒரு நிமிடத்துக்குச் சுமார் 16 ரூபாய். கூப்பிடுபவருக்கு மட்டுமில்லை, எடுப்பவருக்கும் கட்டணம். எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சம்பந்தம் தொடங்கியது 2003இல். அந்த மே 1 முதல் வரும் அழைப்புகள் இலவசமாயின. அதற்குச் சில மாதம் முன்பு ரிலையன்ஸ், தன் எண்களுக்குள் நாடு முழுக்க நிமிடம் 40 காசு என்று அறிவித்திருந்தது. தபால் அட்டையைவிட மலிவு என்பது அவர்கள் பெருமை. அப்போது தபால் அட்டை 50 காசு. ஆக, உறவுக்காரர் எல்லோரும் ஒரே கம்பெனி எண் வாங்கினால் லாபம். பெயர் இல்லாவிட்டாலும் எங்கள் முதல் ‘குடும்பத் திட்டம்’ அதுதான்.

மாமா ஒரு கைபேசி வாங்கினார். அது பகலெல்லாம் துறைமுகத்தில் அவர் சட்டைப் பையில் இருக்கும். இரவில் எங்கள் வீட்டுக்கு வந்து, எண்ணைப் போட்டு, அம்மா கையில் கொடுத்து, எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். கண்ணாடிப் பெட்டி போனது. கயிறு மச்சான் கையிலேயே இருந்தது.

இந்தக் காலத்தில்தான் பெண்கள் காசில்லாத ஒரு மொழியைக் கையில் எடுத்தார்கள். மிஸ்டு கால். ஒரு மணி அடித்தால் வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டு மணி அடித்தால் திருப்பிக் கூப்பிடு. திரேஸ்புரத்தில் மீன் எடுத்து விற்கப்போகும் பெண்களிடம் இப்படி ஓர் அகராதியே இருந்தது. ஆண்களும் பயன்படுத்தினார்கள்தான். ஆனால் மிஸ்டு கால் கொடுப்பவள், எப்போது பேசலாம் என்ற முடிவை எதிர்முனையில் இருப்பவருக்கு விட்டுக்கொடுக்கிறாள். கூப்பிட்டால் பேச்சு, கூப்பிடாவிட்டால் காத்திருப்பு.

பெண்கள் பேசுவதை வெட்டிப்பேச்சு என்று கணக்கிடும் வழக்கம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவின் ஆரம்பகாலத் தொலைபேசிக் கம்பெனிகளே பெண்கள் போனில் அளவளாவுவதைத் தவறான பயன்பாடாகத்தான் பார்த்தன என்று சமூகவியலாளர் கிளாட் ஃபிஷர் 1992இல் வெளியான தன் நூலில் காட்டுகிறார். அதற்கு முன்பே, 1987இல், மானுடவியலாளர் மிக்கேலா டி லியோனார்டோ இதற்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டார்: உறவுப் பணி. யாருக்குக் கல்யாண நாள், யாருக்கு உடம்பு சரியில்லை, யாரோடு யார் பேசுவதில்லை என்பதையெல்லாம் நினைவில் வைத்து வீடுகளை ஒன்றோடொன்று இணைத்துவைப்பது ஓர் உழைப்பு, அதைச் செய்பவர்கள் பெண்கள் என்றார். கம்பெனிகளுக்கு இது விரைவிலேயே புரிந்தது. அதே அமெரிக்காவில் 1991இல் எம்.சி.ஐ. கம்பெனி நண்பர்கள், குடும்பத்தார் பெயர்களைப் பட்டியலாகக் கொடுத்தால் கட்டணத்தைக் குறைப்பதாகச் சொன்னது. பட்டியலில் உள்ளவர்களும் வாடிக்கையாளர்களாகச் சேர்ந்தால்தான் அந்தச் சலுகை. பெண்கள் காலமெல்லாம் கட்டிக்காத்த உறவு, கம்பெனிக்கு ஆள்பிடிக்கும் வலையானது.

2006 மார்ச் 1 முதல் பி.எஸ்.என்.எல். ‘ஒன் இந்தியா’ திட்டத்தில் இந்தியாவின் எந்த மூலைக்கும் நிமிடம் ஒரு ரூபாய். அடுத்த வருடம் நான் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு கைபேசி வாங்கிக் கொடுத்தேன். அம்மா அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். மதியம் மூன்று மணி; மாமா வேலையில், சித்தப்பா வேலையில். அன்று சித்தி 40 நிமிடம் பேசினாள். சித்தப்பா கல்யாணமான முதல் வருடத்திலிருந்தே அடிப்பார் என்பது எங்கள் வீட்டுக்கு அன்றுதான் தெரிந்தது. பதினான்கு வருடங்கள். மாதாமாதம் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சித்தி பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அவர்களுக்குக் கிடைக்காதது, யாரும் கூட நிற்காத 40 நிமிடங்கள். அந்த 40 ரூபாயை அம்மா கடைசிவரை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதவில்லை.

அப்போது லைஃப்டைம் கார்டு என்று ஒன்று இருந்தது. 2005 கடைசியில் வந்தது. 999 ரூபாய் ஒருமுறை கட்டினால் வரும் அழைப்புகள் எப்போதும் நிற்காது. காசு போடாமலே எண் உயிரோடு இருக்கும். கூப்பிட வசதியில்லாமல், கூப்பிடுவதை எடுக்க மட்டுமே போன் வைத்திருந்த எத்தனையோ பெண்களுக்கு அது போதுமானதாயிருந்தது. 2018 நவம்பரில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் 28 நாளுக்குக் குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் சேவை என்று மாற்றின. கம்பெனிகள் பார்வையில் அவர்கள் வருமானம் தராத வாடிக்கையாளர்கள். அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனி அம்மாவின் எண்ணை நிறுத்தியது. வந்த குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் இருந்ததால் அம்மா பார்க்கவில்லை. ஒன்பது நாள் கழித்து, “சித்தி ஏன் கூப்பிடவே இல்ல?” என்று என்னிடம் கேட்டாள்.

35 ரூபாய் இப்போது பழைய கதை. 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு ஏர்டெல்லின் குறைந்தபட்சத் திட்டம் 28 நாளுக்கு 199 ரூபாய் ஆனது. மாதம் என்று நினைத்துப் போடுகிறோம். 28 நாள் கணக்கில் வருடத்துக்கு 13 முறை போடவேண்டும். மொத்தம் 2,587 ரூபாய். (30 நாள் திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் தரவேண்டும் என்று டிராய் 2022இல்தான் சொன்னது.) இணையம் வேண்டாதவர்களுக்குக் குரலும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் கட்டாயம் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849 என்று வந்தன. நாள் கணக்கில் பார்த்தால் 28 நாள் திட்டம் 7 ரூபாய்க்கு மேல். வருடத் திட்டம் 5 ரூபாய் சொச்சம். 738 ரூபாய் மிச்சம். ஆனால் 1,849 ரூபாயை ஒரே நாளில் எடுத்துவைக்கும் உப்பளத் தொழிலாளிப் பெண் யார்? இரவு 11 மணி போய், இப்போது மொத்தத் தொகை வந்திருக்கிறது. எல்லா மலிவு விலைக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த நிபந்தனையைப் பூர்த்திசெய்யக்கூடிய உடம்பும் பையும் பெரும்பாலும் பெண்ணுடையதாக இருப்பதில்லை.

குடும்பத் திட்டத்தின் நிபந்தனை இதைவிட நுட்பமானது. 2023 மார்ச்சில் வந்தபோது ஜியோ பிளஸ் 399 ரூபாயாகவும், கூடுதல் எண் ஒவ்வொன்றுக்கும் 99 ஆகவும் இருந்தது. நான்கு பேருக்கு 696, தலைக்கு 174. கணக்கில் குறையே சொல்லமுடியாது. ஆனால் இத்தகைய திட்டங்களில் ஓர் எண் முதன்மை, மற்றவை துணை. பில் முதன்மை எண்காரர் பெயரில். கட்டாவிட்டால் எல்லாம் நிற்கும். வங்கிக் குறுஞ்செய்தி, ஆதார் ஓ.டி.பி., 2023 செப்டம்பர் முதல் மாதாமாதம் வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய்க்கான செய்தி, எல்லாம் இப்போது எண்ணைத் தேடித்தான் வருகின்றன. கணவனை விட்டு வெளியே வரும் பெண், அவன் பெயரில் உள்ள எண்ணைத் தன் பெயருக்கு மாற்ற அவன் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். சித்தி வெளியே வந்தபோது பட்ட பாடு அது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தானே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் 15 முதல் 49 வயதுப் பெண்கள் 2015-16இல் 45.9 சதவீதம், 2019-21இல் 53.9 சதவீதம். நிமிடத்தின் விலை 16 ரூபாயிலிருந்து ஏறக்குறைய பூஜ்ஜியத்துக்கு வந்த பின்னும் கிட்டத்தட்ட பாதிப் பேர் கையில் அது இல்லை. விலை மட்டும்தான் தடை என்றால் இந்தக் கணக்கு இப்படி இருந்திருக்காது.

போன வருடம் நான் மூன்று கம்பெனிகளின் பட்டியலையும் விரித்துவைத்து அம்மாவிடம் விளக்கினேன். என் போஸ்ட்பெய்டில் சேர்த்துவிட்டால் உனக்கு ஒரு செலவும் இல்லை, நான் கட்டிவிடுகிறேன் என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தாள்.

“இது யார் பேர்ல இருக்கும்?”

“என் பேர்லதாம்மா.”

அம்மா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் சீட்டுப் பணத்தில் 1,849 ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு, தெருமுனைக் கடைக்குத் தானே நடந்து போனாள்.