வேலை பறிபோன ஊர்

பிணிக்குக் காரணம் யாது? 'தலைவிதி' என்பார் பழமை விரும்பி. 'முன்வினைப் பயன்' என்பார் புராணிகர். நாமும் ஓர் ஏட்டைப் புரட்டுவோம். அது புராண ஏடல்ல; மனிதரை மனிதர் கண்டு, கேட்டு, கணக்கெடுத்துத் தீட்டிய ஏடு!

ஆஸ்திரியாவில், வியன்னா நகருக்கு அருகே மரியன்தால் எனும் சிற்றூர். ஒரே நெசவாலை, அதை நம்பியே ஊர். உலகப் பொருளாதார நெருக்கடி தாக்கிற்று. 1930ல் ஆலைக் கதவு அடைபட்டது. 478 குடும்பங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கில், வேலையிலிருப்பவர் ஒருவருமில்லை. 1931ன் இறுதியில் மரீ யகோடா, பால் லாசர்ஸ்பெல்ட் முதலிய இளம் ஆய்வாளர்கள் அங்குச் சென்றனர்.

கண்டதென்ன? உதவித்தொகை பதினான்கு நாளுக்கொரு முறை வந்தது. வருவதற்கு முதல்நாள் பிள்ளைகள் பலர் பள்ளிக்குக் கொணர்ந்தது வெறும் ரொட்டி, சிலருக்கு அதுவுமில்லை. தொகை வந்த மறுநாளோ உணவு நிறைந்தது! வகுப்பறையில் நிற்கும் நாம் இதைப் படித்துத் தலைகுனிகிறோம். 'மந்தம்' என்று நாம் பழித்த பிள்ளையிடம், 'காலையில் உண்டாயா?' என்று என்றேனும் கேட்டோமா?

வயிற்றோடு நின்றதா வாட்டம்? இல்லை. சன்னலோரம் கடிகாரத்துடன் அமர்ந்து நடையை அளந்தனர். ஆடவர் நடை தளர்ந்திருந்தது. ஓய்வு மலைபோல் குவிந்தது. நூலகத்தில் கட்டணமும் இல்லை. எனினும் நூல் எடுப்போர் குறைந்தனர். உறுதி குலையாத குடும்பங்களில் ஆளொன்றுக்கு மாத வருவாய் சராசரி 34 ஷில்லிங்; எல்லாம் கைவிட்டு ஒடுங்கிய குடும்பங்களில் 19. நம்பிக்கைக்கும் நலிவுக்கும் இடையே 15 ஷில்லிங்! விதி எழுதிய எழுத்தா இது? கூலிக் கணக்கன்றோ!

மனிதர் செய்த கேட்டை மனிதரே மாற்றவியலும். அதே ஊரில், 2020ல், ஓராண்டுக்கு மேல் வேலையின்றி இருந்தோர்க்கெல்லாம் ஊதியத்துடன் வேலை தர அரசின் வேலைவாய்ப்புத் துறை உறுதியளித்தது. ஆராய்ந்தோர், அம்மக்களின் மனநலம் மேம்பட்டதைக் கண்டனர். மந்திரம் ஓதவில்லை, வேலை வந்தது, நலம் வந்தது!

மருத்துவமனை வேண்டும், மருந்தும் வேண்டும். ஆனால் வேலையற்றவன் வீட்டு நோய்க்கு மருந்துச்சீட்டு எழுதுவோர், அதன் முதல் வரியில் 'வேலை' என்றெழுதட்டும். அதை எழுதவைப்பது நம் கடன்.