பழைய டிஸ்க் ஓடுமா?

ஒரு கேம் கன்சோல் கடைக்கு வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனதும் பேச்சு தொடங்கிவிடும். அடுத்த தலைமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் அதற்குள் இதே கன்சோலின் வேகமான வடிவம் ஒன்று வருகிறதாம். சிப் இன்னது, விலை இன்னது, மாதம் இன்னது என்று ஆளுக்கொரு கணக்கு. மற்றவர்களுக்கு இது தொழில்நுட்பச் செய்தி. சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் ஓவன் ரோட்டுப் பக்கம் வளர்ந்த எனக்கு அது எப்போதும் பழைய கன்சோலின் விலைச் செய்தி. வதந்தி வலுத்தால் கையிலிருப்பதை விற்க வருபவர்கள் கூடுவார்கள், விலை இறங்கும். புதிது வாங்க வசதியில்லாத வீட்டுக்கும் ஒரு கன்சோல் வந்து சேரும். எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் வந்தது.

இந்த வட்டாரத்தில் அந்தப் பழைய கன்சோல் வியாபாரம் நடந்ததற்குக் காரணம் உண்டு. 1971இல் கேம்பல் லேனில் துணிக்கடையாகத் தொடங்கிய முஸ்தஃபா, பிறகு மின்பொருள்களையும் விற்றது, 1985இல் சிராங்கூன் பிளாசாவுக்கு இடம்பெயர்ந்தது. 1995இல் சையது ஆல்வி சாலையில் முஸ்தஃபா சென்டர் திறந்தது. 1987இல் ரோச்சோர் பக்கம் சிம் லிம் ஸ்குவேர் வந்தது. ஆறு மாடியிலும் கணினி, கேமரா, ஒலிப்பெருக்கி, கேம். இரண்டுக்கும் நடுவில் 1930களிலிருந்தே இயங்கிய சுங்கை ரோடு சந்தை. கான்வாஸ் விரித்துப் பழைய பொருள்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். புதிது, டிரேட்-இன், பழையது என மூன்று படிகளும் நடக்கும் தூரத்தில் இருந்தன. ஒரே கன்சோல் சில ஆண்டுகளில் இந்த மூன்றிலும் இறங்கி வரும்.

1990களின் தொடக்கத்தில் நாங்கள் பார்த்த கன்சோல்களில் பல ஜப்பானுக்காகச் செய்தவை. அங்கே மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. அதனால் கன்சோலோடு செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வாங்க வேண்டும். நம் தொலைக்காட்சிகள் பால் முறை, கன்சோல் என்டிஎஸ்சி முறை. டிவி இரண்டையும் ஏற்குமா என்று கேட்டுவிட்டுத்தான் கடைக்கார அங்கிள் பணத்தைத் தொடுவார். வதந்தியும் ஜப்பானிலிருந்தே வந்தது. கடைக்காரர்கள் ஃபாமிட்சு இதழை வரவழைப்பார்கள். ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாத பையன்கள் படத்தைப் பார்த்தே ஒரு முழுக் கதையைச் சொல்லிவிடுவார்கள்.

அந்தக் காலத்தின் பெரிய பாடம் சேகாவுடையது. மெகா டிரைவ் 1988இல் வந்தது. அதன் ஆயுளை நீட்ட 1991இல் ஜப்பானில் மெகா-சிடி, 1994இல் 32எக்ஸ். இரண்டும் தனிக் கன்சோல் அல்ல, ஏற்கெனவே இருப்பதன் மேலும் கீழும் பொருத்துபவை. மூன்றுக்கும் தனித்தனி மின் இணைப்பு. எங்கள் புளோக்கில் இருந்த ஓர் அண்ணன் சம்பளத்தில் மிச்சம்பிடித்து 32எக்ஸ் வாங்கினார். அது அமெரிக்காவில் வெளிவந்த அதே நவம்பரில் சேகா ஜப்பானில் அடுத்த தலைமுறைக் கன்சோலான சாட்டர்னையும் விற்கத் தொடங்கிவிட்டது. டிசம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன். 32எக்ஸுக்கு வந்த கேம்கள் மொத்தமே நாற்பதுதான். அவற்றை மெகா டிரைவ் மட்டும் வைத்திருந்தவர் போட முடியாது, சாட்டர்ன் வாங்கியவரும் போட முடியாது. பழையதாக விற்கப்போனால் கடையில் தலையாட்டி அனுப்பிவிட்டார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து நிண்டெண்டோ இதே வேலையை வேறு விதமாகச் செய்தது. 1989இன் கேம் பாய்க்குப் பிறகு 1998 அக்டோபரில் ஜப்பானில் கேம் பாய் கலர் வந்தது. சிம் லிம்மில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது அப்பா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "பழைய கேஸட்டு இதுல ஓடுமான்னு மொதல்ல கேளுடா." ஓடியது. கறுப்புக் கேஸட்டில் வந்த புதிய கேம்கள் பழைய கேம் பாயிலும் ஓடின. கண்ணாடி போன்ற கேஸட்டில் வந்தவை மட்டும் கலருக்கே உரியவை. 1999இல் வந்த போக்கிமான் கோல்டு இரண்டிலும் ஓடியது. கலர் வாங்கிய பையனும் கேம் பாய் பாக்கெட்டோடு நின்றுவிட்ட பையனும் ஒரே கேபிளில் இணைந்து போக்கிமான்களை மாற்றிக்கொண்டார்கள். என் பாக்கெட்டைப் பிறகு மன்னார்குடியில் இருந்த அத்தை மகனுக்குக் கொடுத்தேன். கேஸட்டுகளும் கூடவே போயின, எல்லாம் அங்கே ஓடின.

இடைக்காலத்தில் வரும் கன்சோலை எடைபோட எனக்கு அளவுகோல் இதுதான். புதிது எவ்வளவு வேகம் என்பது அதை வாங்குகிறவரின் கேள்வி. பழையதை யார் கையில் விட்டுப்போகிறது, அவர்களுக்கு அது எத்தனை காலம் உழைக்கும் என்பது ஊரின் கேள்வி. அப்படி நெடுநாள் உழைத்த பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) வந்தது 2000இல். சோனி அதன் உற்பத்தியை முடித்தது 2013இல். நடுவில், பிஎஸ்3 வந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2009இல் ஹைதராபாத்தில் உருவான 'ஹனுமான்: பாய் வாரியர்' பிஎஸ்2க்காகத்தான் வெளிவந்தது. இந்தியாவில் கன்சோல் வைத்திருந்த பெரும்பாலோர் கையில் இருந்தது அந்தப் பழைய கன்சோல்.

வதந்தி முழுதாகப் பலித்த ஆண்டு 2016. மார்ச்சில் பிஎஸ்4க்கு ஒரு வேகமான அண்ணன் வருகிறான் என்றார்கள். ஏப்ரலில் 'நியோ' என்ற குறிப்பெயரே கசிந்தது. ஜூனில் சோனியின் ஆண்ட்ரூ ஹவுஸ் அப்படி ஒன்று இருப்பதை ஒப்புக்கொண்டார். செப்டம்பர் 7ஆம் தேதி நியூயார்க்கில் அறிவிப்பு, நவம்பர் 10இல் பிஎஸ்4 ப்ரோ விற்பனை. 1.84 டெராஃப்ளாப் திறன் 4.2 ஆனது. அதைவிட முக்கியம் சோனி போட்ட நிபந்தனை: ப்ரோவில் மட்டும் ஓடும் கேம் என்று ஒன்று இருக்கக் கூடாது. அந்த ஆண்டு முழுக்கப் பழைய பொருள்கள் விற்கும் கேரோசல் செயலியில் பிஎஸ்4 விளம்பரங்கள் நிறைந்து கிடந்தன. தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் வெளிநாட்டுத் தொழிலாளர் தம்பிகளில் சிலர் அப்போது டிஸ்க்குகளோடு சேர்த்து வாங்கியதை நான் கூட நின்று பார்த்திருக்கிறேன். தங்குவிடுதி அறையில் ஒரு கன்சோலைச் சுற்றி எட்டுப் பேர் முறைவைத்து விளையாடுவார்கள். மறு ஆண்டு ஜூலை 10ஆம் தேதி சுங்கை ரோடு சந்தை மூடப்பட்டது. மூன்று படிகளில் கடைசிப் படி போனது.

2021இல் வதந்தி பொய்த்தது. நிண்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு 4கே தரும் ப்ரோ வருகிறது என்று மாதக்கணக்கில் பேசினார்கள். ஜூலையில் அறிவிக்கப்பட்டது ஏழு அங்குல ஓஎல்இடி திரை கொண்ட ஸ்விட்ச். உள்ளே அதே வேகம்தான். பேச்சை நம்பி முன்கூட்டியே விற்றவர்களுக்கு வருத்தம், குறைந்த விலையில் வாங்கியவர்களுக்கு லாபம்.

ஆனால் 2024இன் வதந்தி பலித்தபோது எனக்கு மனம் கனத்தது. செப்டம்பர் 10ஆம் தேதி சோனிக்காக மார்க் செர்னி பிஎஸ்5 ப்ரோவை அறிவித்தார். அப்போது அறிவித்த அமெரிக்க விலை 699.99 டாலர். 2 டெராபைட் சேமிப்பு, மேம்பட்ட கிராஃபிக்ஸ், டிஸ்க் செருகும் இடம் மட்டும் இல்லை. வேண்டுமானால் தனியாக விலை கொடுத்து வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். பொருத்தும்போது ஒருமுறை இணையத்தில் இணைத்துப் பதிவும் செய்ய வேண்டும். பழைய டிஸ்க் ஓடுமா என்ற கேள்விக்கு, இன்னொரு கருவி வாங்கினால் ஓடும் என்பதே இப்போது பதில்.

பதிவிறக்கம் வசதியானது, நானும் செய்கிறேன். ஆனால் பதிவிறக்கிய கேம் என் கணக்கோடு ஒட்டிக்கொண்டது. அதை விற்க முடியாது, அத்தை மகனுக்கு அனுப்ப முடியாது, விடுதித் தம்பிக்குப் பாதி விலையில் கொடுக்க முடியாது. கன்சோல் கைமாறினாலும் கேம் கைமாறாது. இந்த வட்டாரம் பல ஆண்டுகள் உயிர்ப்போடு வைத்திருந்த வியாபாரத்தின் பாதி அதோடு போகிறது. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை, வசதியான பிள்ளை விளையாடிய அதே கேமைச் சில மாதங்கள் கழித்தாவது விளையாட வழிவிட்டது அந்த வியாபாரம்தான்.

அடுத்த கன்சோலைப் பற்றியும் வதந்தி வரும், அதன் நடுவயதைப் பற்றியும் வரும். டெராஃப்ளாப் கணக்கை நிறுவனங்களே போதுமான அளவு சொல்லிவிடுகின்றன. வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது டிஸ்க்கைப் பற்றி. டிஸ்க் டிரைவ் உள்ள கன்சோலுக்கே பணம் கொடுப்போம் என்று போதுமான பேர் நின்றால் அதைச் செய்யாமல் நிறுவனங்களுக்கு வேறு வழியில்லை. நான் அப்படித்தான் வாங்குகிறேன். என் மகளின் டிஸ்க்குகளை வாங்கிக்கொள்ள இந்தத் தெருக்களில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.