எல்லைக் கோட்டுக்கு அப்பாலுள்ள பள்ளிகள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத் தமிழர் வரலாற்றை 1956 நவம்பர் 1ஆம் நாளிலிருந்து தொடங்குவதே பலர் வழக்கம். நாம் சற்றுப் பின்னே சென்று காண விழைகிறோம்.

பாறசாலைக்குத் தெற்கே, இன்று குமரி மாவட்டத்தில் அடங்கிய பார்த்திவசேகரபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866 அளவில் ஒரு கல்விச் சாலையை நிறுவினான். காந்தளூர்ச் சாலையை ஒட்டி அமைந்த அதில் மாணவர் 95 பேர். பவிழியர்க்கு 45, தைத்திரீயர்க்கு 36, தலவகாரர்க்கு 14 என வேதப் பிரிவு வாரியாகச் செப்பேடு இடம் பங்கிடுகிறது. தலைக்கணக்கு எடுத்துக் கல்வி வழங்கும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று போலும்!

அக்கணக்கில் உழவனும் நெசவாளனும் இல்லை. கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டுமென்று இராணி கௌரி பார்வதி பாய் 1817இல் ஆணையிட்டார். இலண்டன் மிஷன் பாறசாலையில் நிலையம் அமைத்து எளியோர்க்கும் எழுத்தறிவித்தது. எனினும் புலையர் மக்களுக்குக் கதவு திறக்கவில்லை. 1910ஆம் ஆண்டு ஆணைக்குப் பின்னர், நெய்யாற்றின்கரை வட்டத்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி அழைத்துச் சென்றபோது, அப்பள்ளியே தீக்கிரையாயிற்று. இருபுறத்து ஏழைகளும் தாண்ட வேண்டியிருந்த முதல் எல்லை இதுவே என்பது நம் கருத்து.

அடுத்த எல்லை மொழியெல்லை. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு நெய்யாற்றின்கரையையும் கேட்டது. 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டுபட்டு உயிர்கள் மாய்ந்தன. விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. மலையாளிகள் மிகுந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே, ஒரே குடும்பத்தின் வீடுகளுக்கு நடுவே, கோடு விழுந்தது.

எழுத்தறிவில் இவ்விருபுறமும் தாழவில்லை. 2011 கணக்கெடுப்பில் கேரளம் 94 விழுக்காடு. குமரி மாவட்டம் ஏறத்தாழ 92, தமிழகத்தில் முதலிடம். கேரளத்துப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் அண்மை ஆண்டுகளில் 99 விழுக்காட்டைக் கடந்துவிட்டது. ஆகவே தேர்ச்சி எண்ணை மட்டும் கொண்டு எல்லைப்புறப் பள்ளியை எடைபோடுவது வீண். எம்மொழியில் தேறினர் என்பதன்றோ வினா?

கேரளத்தில் தமிழைத் தாய்மொழி எனப் பதிந்தோர் 1991இல் 6 லட்சத்துக்கு மேல். 2011இல் 5 லட்சம் அளவே. சிலர் பெயர்ந்திருக்கலாம், சிலர் வீட்டுக்குள்ளேயே மொழி மாறியிருக்கலாம். சட்டம் தடையாக நின்றது என்று முழுதும் கூற இயலாது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கும் கடமையை 1956இல் சேர்ந்த அரசியலமைப்பு விதி 350ஏ உரைக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழை முதன்மொழியாக எழுதலாம். பிற பாட வினாத்தாள்களும் தமிழில் கிடைக்கும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் மலையாளத்தை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கியது. அதைக் கற்பது நம் பிள்ளைகளுக்கு நன்மையே. தமிழுக்கு மாற்றாக அது வருவதே தீங்கு.

அவ்வாறு வருவது பெரும்பாலும் ஆணையால் அன்று, பெற்றோர் கையெழுத்தால். ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாம் வேலைநாளில் கேரளப் பள்ளிகளில் தலை எண்ணுகின்றனர். அன்று தமிழ்ப் பிரிவில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் தொகையே அவ்வாண்டு ஆசிரியர் எத்தனை பேர் என்பதை உறுதி செய்கிறது.