வீடு அங்கேதான் இருக்கிறது

"குடும்ப வரலாறு தெரிந்தால் மார்க் வருமா?" என்று எதிரணியில் கேட்டார்கள். எளாவூருக்கு வாருங்கள். கொஞ்சம் வடக்கே போனால் ஆந்திரா. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாறியது. திருத்தணி நம்மிடம் வந்தது; செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. அண்ணன் எளாவூரில், தங்கையைக் கொடுத்தது சத்தியவேட்டில் என்றால், ஒரே ராத்திரியில் இரண்டு பேரும் இரண்டு மாநிலம்!

1997-இல் எளாவூர் திருவள்ளூர் மாவட்டமானது. தாத்தாவின் பத்திரத்தில் செங்கல்பட்டு. பேரனின் சான்றிதழில் திருவள்ளூர். வீடு அதே வீடுதான் ஐயா!

டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் பத்திரத்தைப் பிள்ளையிடம் காட்டுங்கள். "அத்தை வீட்டுல மட்டும் ஏன் தெலுங்கு?" என்று அதுவே கேட்கும். பதில் சொல்லத் தாத்தா இருக்கும்போதே கேட்கட்டும்!