தாலி கட்டும் காட்சிக்குள் அருவி வந்த கதை

தென்காசிப் பக்கத்துக் கல்யாண வீடு ஒன்றில், இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய டிவிடியைப் போடச் சொல்லிப் பாருங்கள். மாப்பிள்ளை அழைப்பு முடியும், முகூர்த்தம் நெருங்கும். சட்டென்று திரையில் ஒரு வட்டம் விரியும். அதற்குள் குற்றாலம் மெயினருவி கொட்டும், சாரலுக்கு நடுவே மணமக்களின் முகம் மிதக்கும், பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு ஓடும். மண்டபத்தில் அருவி இல்லை. அந்தப் பாட்டை அன்று யாரும் பாடவும் இல்லை. இரண்டும் பிறகு வந்து சேர்ந்தவை. எடுத்ததை வெட்டுவது, வெட்டிய இடத்தில் வேறொன்றைச் செருகுவது, மிச்சமிருக்கும் இடத்தில் புதிதாகச் சேர்ப்பது என்ற இந்த வித்தை நம் வரவேற்பறைக்கு வந்த வழி மிக நீளமானது. டென்மார்க், ஜெர்மனி, கலிபோர்னியா, ஜப்பான், சிங்கப்பூர் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் அது தென்காசி வந்திருக்கிறது.

அதற்கும் முன்னால் இதே ஊரில் ஒரு பதிவு இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், தன் கோயில் என்றாவது பழுதுபடும் என்பதை உணர்ந்தே கல்லில் எழுதி வைத்தான். பின்னாளில் பழுதைச் சரிசெய்து இதைக் காப்பவர் யாராயினும் அவர்கள் காலில் விழுவதாகச் சொல்லும் பாட்டு அது. தான் செய்த ஒன்றில் கைவைக்கப்போகும் முகம் தெரியாத மனிதர்களை இவ்வளவு மரியாதையோடு முன்கூட்டியே வணங்கிய அரசன் வேறு எங்கும் இருந்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம்தான். கல்லின் குணம் நமக்குத் தெரியும். வெற்றிடம் இருக்கும்வரை வரி சேர்த்துக்கொண்டே போகலாம். வெட்டிய வரியை எடுக்க முடியாது. இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து இது மறுபடி வரும்.

அசையும் படத்தின் ஆரம்பகால ‘வெட்டு’களில் ஒன்று விபத்தாக நேர்ந்தது. 1896 வாக்கில் பாரிஸின் ஓப்பரா சதுக்கத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்த மந்திரவாதி ஜார்ஜ் மேலியேவின் கேமரா நடுவில் சிக்கி நின்றது. சரிசெய்து மறுபடி சுழற்றினார். திரையிட்டபோது, ஓடிக்கொண்டிருந்த பயணிகள் வண்டி ஒரு நொடியில் சவ வண்டியாக மாறியிருந்தது. இது மேலியே பிற்காலத்தில் தானே சொன்ன கதை. அதன்பின் அந்த விபத்தையே அவர் தொழிலாக்கிக்கொண்டார்.

ஒலிக்கு வேறு பாதை. 1898-ல் டென்மார்க்கின் வால்டெமர் போல்சன், எஃகுக் கம்பியில் காந்தத்தால் குரலைப் பதிக்கும் கருவிக்குக் காப்புரிமை கேட்டார். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் அதில் பேசிய ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் குரல் இன்றும் இருக்கிறது. ஆனால் கம்பியை வெட்டினால் முடிச்சுப் போட்டுத்தான் சேர்க்க வேண்டும். அந்தச் சிக்கலை அவிழ்த்தது சிகரெட். ஜெர்மனியில் வேலை பார்த்த பிரிட்ஸ் ப்ளூமர், உயர்ரக சிகரெட்டுகளின் நுனியில் பொன்னிறப் பட்டை ஒட்டும் முறையைக் கண்டுபிடித்தவர். தாளில் உலோகத் தூளை ஒட்டத் தெரிந்தவருக்கு, இரும்புத் தூளை ஒட்டினால் என்ன என்று தோன்றியது. 1928-ல் காந்த நாடா பிறந்தது. காகித நாடா அடிக்கடி அறுந்தது, ஆனால் பசை தடவினால் ஒட்டிக்கொண்டது. பதிவை வெட்டி ஒட்டலாம் என்பது அந்தப் பலவீனத்திலிருந்துதான் தெரியவந்தது. ஏஇஜி நிறுவனம் உரிமையை வாங்கி, 1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னடோபோன் என்ற நாடாப் பதிவுக் கருவியை வைத்தது.

போர் முடிந்த 1945-ல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஜாக் முல்லின், பாட் நௌஹைம் என்ற ஊரின் வானொலி நிலையத்தில் அந்த எந்திரங்களைப் பார்த்தார். இரண்டைக் கழற்றி, பகுதி பகுதியாகத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார். ஒரே நிகழ்ச்சியை நேரலையில் திரும்பத் திரும்பப் பாடிச் சலித்திருந்த பாடகர் பிங் கிராஸ்பி 1947-ல் அவரைப் பிடித்துக்கொண்டார். ஒருநாள் ஒரு நகைச்சுவையாளர் சொன்ன கொச்சையான கதைகளை ஒலிபரப்ப முடியாமல் வெட்டினார்கள். ஆனால் கூட்டம் சிரித்த சிரிப்பு அபாரமானது. முல்லின் அதை எறியாமல் எடுத்து வைத்து, சில வாரம் கழித்துச் சிரிப்பே எழாத இன்னொரு நிகழ்ச்சிக்குள் செருகினார். நம் கல்யாண வீடியோவில் ஒலிக்கும் சினிமாப் பாட்டுக்கு மூத்த உறவு அந்தச் சிரிப்புதான். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1944-ல், ஏ.வி. மெய்யப்பன் தன் கன்னட ‘ஹரிச்சந்திரா’வின் உதடுகளுக்குத் தமிழ்க் குரல் ஏற்றிவிட்டார் என்பதையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது.

அதே 1940களில் குற்றாலத்தில் இன்னொரு வெட்டு நடந்துகொண்டிருந்தது. ராஜாஜியும் கல்கியும் தேடிவந்து தங்கிய வீட்டில், ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் கம்பராமாயணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது கம்பன் வாக்கு, இது பின்னால் யாரோ சேர்த்தது என்று பிரித்துக்கொண்டிருந்தார். ஏடு பெயர்த்து எழுதியவர்கள் பல தலைமுறைகளாகச் சேர்த்ததை அவர் நீக்கினார். சில இடங்களில் சொல்லையே மாற்றினார். புலவர் உலகம் கொதித்தது. டி.கே.சி.யின் ரசனைமேல் எனக்கு மாறாத பக்தி உண்டு. ஆனாலும் எதிர்த்தவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருந்தது: அவர் வெட்டட்டும், முழு மூலமும் பக்கத்தில் இருக்கட்டும். தொகுப்பவரின் சுதந்திரமும் மூலத்தின் பத்திரமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற அந்தக் கோரிக்கையைப் பின்னாளில் ஒரு வீட்டுக் கருவி நிறைவேற்றியது.

படத்தை நாடாவில் ஏற்றிய ஆம்பெக்ஸ் எந்திரம் 1956-ல் வந்தது. இரண்டு அங்குல அகல நாடாவை பிளேடால் வெட்டினார்கள். காந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது என்பதால் இரும்புத் தூள் கலந்த திரவத்தைத் தடவி, நுண்ணோக்கியில் கோட்டைத் தேடி வெட்ட வேண்டும். வீட்டுக்கு வந்த ஜேவிசியின் விஎச்எஸ் (1976) இந்தத் தொல்லையைக் கொடுக்கவில்லை. அதில் படம் நாடாவின் நடுவில் சாய்ந்த கோடுகளாகவும், ஒலி ஓரத்தில் தனிக் கோடாகவும் இருந்தன. அதனால் வசதியுள்ள டெக்குகளில், அதாவது வீடியோ கேசட் ரெக்கார்டர்களில், படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் அழித்துப் புதிதாக ஏற்றலாம். கெட்டிமேளத்தின் மேல் சினிமாப் பாட்டு ஏறியது இந்த ஓரக் கோட்டின் வழியாகத்தான்.

டெக் தென்காசிக்கு வந்ததில் கடல் கடந்த சொந்தங்களின் பங்கு பெரிது. தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம் குடும்பங்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்ப் பல தலைமுறையாகிறது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-லேயே தொடங்கிவிட்டது. பிறகு வளைகுடா வந்தது. அங்கிருந்து ஊர் திரும்புகிறவர்களின் பெட்டியில் டேப்ரிக்கார்டர் வந்தது, அடுத்து டெக் வந்தது. கடிதத்துக்குப் பதில் குரலைப் பதிந்து ஆடியோ கேசட் அனுப்பினார்கள். பதில் கேசட்டும் போனது. பழையதை அழித்து அதன்மேலேயே பேசுவார்கள். அழியக் கூடாதென்றால் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கை உடைப்பார்கள். மனம் மாறினால் அந்த ஓட்டையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டினால் போதும், மறுபடி பதியலாம்.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபின் டெக் வாடகைக் கடைகள் பெருகின, கூடவே கல்யாண வீடியோக்காரரும் வந்தார். இரண்டு டெக், நடுவில் ஒரு மிக்ஸர். அவர் கைவித்தையில்தான் வட்டமும் இதயமும் விரிந்தன, அருவி கொட்டியது. நகலுக்கு நகல் எடுத்தால் படம் மங்கும் என்பது அந்தத் தொழிலின் தீராத வருத்தம். 1990-ல் கலாநிதி மாறன் ‘பூமாலை’ என்று தமிழில் ஒரு வீடியோ பத்திரிகையையே கேசட்டில் கொண்டுவந்தார். கள்ள நகல் அதை வாட்டியது. மூன்று ஆண்டில், 1993 ஏப்ரல் 14-ல், அவருடைய சன் டிவி வானில் ஏறியது. அதே 1990-ல்தான், நெடுங்காலம் பிளந்து நின்ற தென்காசி ராஜகோபுரம் ஒன்பது நிலையோடு மறுபடி எழுந்து குடமுழுக்குக் கண்டது. பராக்கிரம பாண்டியன் வணங்கிய அந்த முகம் தெரியாத மனிதர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

இனி வட்டு. அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1922-ல் பிறந்த ஸ்டான்போர்ட் ஓவ்ஷின்ஸ்கி கல்லூரிப் படி ஏறாதவர், கடைசல் எந்திரத்தில் வேலை பார்த்தவர். சிலவகைக் கண்ணாடிப் பொருள்கள் படிக ஒழுங்குக்கும் ஒழுங்கற்ற நிலைக்கும் மாறி மாறிப் போகக்கூடியவை என்று 1968-ல் ஓர் இயற்பியல் ஆய்விதழில் எழுதினார். திரும்ப எழுதும் டிவிடி அதன்மேல்தான் நிற்கிறது. லேசர் சூடேற்றிச் சட்டென ஆறவிட்ட புள்ளி மங்கலாகும், மிதமாகச் சூடேற்றினால் பழையபடி பளபளக்கும். ஏறத்தாழ ஆயிரம் முறை இப்படி மாற்றலாம். 1999 டிசம்பரில் பயனியர் நிறுவனம் ஜப்பானில் முதல் டிவிடி ரெக்கார்டரை இரண்டரை லட்சம் யென்னுக்கு விற்றது. 2001-ல் பிலிப்ஸ் பக்கம் போட்டிக்கு இன்னொரு வகையைக் கொண்டுவந்ததால், பிளாங்க் வட்டு வாங்கப் போனால் பிளஸ்ஸா மைனஸா என்று கடைக்காரர் கேட்கும் நிலை வந்தது.

இந்த ரெக்கார்டரில் கல்லும் கனவும் சேர்ந்தே இருந்தன. ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடி-ஆர் வட்டில் லேசர் ஒரு சாயப் படலத்தைச் சுடுகிறது. சுட்டதை ஆற்ற முடியாது. இடம் இருக்கும்வரை புதிய காட்சிகளைச் சேர்க்கலாம். எதையாவது அழித்தால் பட்டியலில் பெயர் மறையுமே தவிர, இடம் திரும்பக் கிடைக்காது. பாண்டியன் கல்லின் அதே குணம். கடைசியில் ‘பைனலைஸ்’ செய்தால்தான் மற்ற பிளேயரில் ஓடும். செய்தபின் ஒரு நொடிகூடச் சேர்க்க முடியாது.

திரும்ப எழுதும் வட்டில் ‘விஆர்’ முறையில் பதிந்தால் வேறு உலகம். அங்கே பிளேலிஸ்ட் என்று ஒன்று உண்டு. மூன்று மணி நேரக் கல்யாணத்திலிருந்து தாலி கட்டியதையும், தாத்தா ஆசீர்வதித்ததையும், பந்தியையும் மட்டும் எடுத்துக் கோத்து, வரிசையைக்கூட மாற்றி வைக்கலாம். மூலப் பதிவில் ஒரு புள்ளிகூட அசையாது. கருவி வைத்துக்கொள்வது குறிப்புகளை மட்டுமே: இங்கிருந்து தொடங்கு, இங்கே நிறுத்து, அங்கே தாவு. டி.கே.சி. தன் ராமாயணத்தை வைத்துக்கொள்ளலாம், புலவர்கள் தங்களுடையதை வைத்துக்கொள்ளலாம், இரண்டும் ஒரே வட்டில் இருக்கும். வீட்டு ரெக்கார்டர் செய்த காரியங்களில் இதையே நான் தலையாயதாக நினைக்கிறேன்.

இழப்பும் இருந்தது. டிவிடியில் படமும் ஒலியும் பின்னிக் கிடப்பதால், விஎச்எஸ்ஸில் செய்ததுபோல ஒலியை மட்டும் மாற்றப் பெரும்பாலான ரெக்கார்டர்கள் இடம் தரவில்லை. சுருக்கிய படங்கள் அரை நொடிக் கட்டுகளாக இருப்பதால், சாதாரண முறையில் வெட்டு சற்றே விலகி விழும். மூன்றாவது முடிச்சு நாத்தனார் கையில் இருக்கும்போது காட்சி மாறிவிடும். அதனால்தான் ஸ்டூடியோக்காரர்கள் நுணுக்கமான வேலையைக் கணினிக்குக் கொண்டுபோனார்கள். டெக்கை ரெக்கார்டரோடு இணைத்துப் பழைய கேசட்டை வட்டாக்கும் வேலைக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டார்கள்.

பயணத்துக்கு அது நல்ல துணை. கடையில் விற்கும் டிவிடிக்கு மண்டலப் பூட்டு உண்டு. இந்தியா 5, சிங்கப்பூர் 3, வளைகுடா 2. வீட்டில் பதிந்த வட்டுக்கு அந்தப் பூட்டு கிடையாது. மூன்று இடத்திலும் ‘பால்’ ஒளிபரப்பு முறை என்பதால், தென்காசிக் கல்யாணம் சிங்கப்பூரிலும் துபாயிலும் அப்படியே ஓடியது. கனடாவில் ‘என்டிஎஸ்சி’ முறை என்பதால், டொரண்டோ உறவினருக்கு மட்டும் மாற்றித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

மலிவு வட்டுகளால் டிவிடியை இந்தியா முழுக்கப் பரப்பிய மோசர் பேயர் 2018-ல் கலைப்புக்குப் போனது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே கடைசி டெக் தயாரிப்பாளரான ஜப்பானின் புனாய் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பைனலைஸ் செய்யாமல் விட்ட வட்டுகள் இப்போது பல வீடுகளின் பீரோவில் கிடக்கின்றன. பிளேயரில் போட்டால் வெற்று வட்டு என்று காட்டும். நம்பி எறிந்துவிடாதீர்கள். பதிந்த ரெக்கார்டர் இன்னும் ஓடினால், அதிலேயே போட்டு பைனலைஸ் செய்யுங்கள். அது போய்விட்டிருந்தாலும், இப்படிப்பட்ட வட்டுகளைப் படித்து எடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, ஒரு ஸ்டூடியோவில் விசாரியுங்கள். மங்கும் சாயம் காத்திருக்காது.